பேர் சொல்லி நன்றி சொல்வோம்

(நூற்றாண்டு நன்றி ஆராதனையில், விடுதியில் தங்கிப் படித்த பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஸலாம். வணக்கம்.

இந்த ஊரில் பேச எழும்புகிறவர்கள் மூன்று விதமாகவும் வணக்கம் சொல்லித்தான் தொடங்கவேண்டும். பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று பிரதான வீதி வழியே தெற்கே காரைதீவு வரைக்கும் நடந்தால், பாங்கொலியும் கோயில் மணியும் தேவாலய மணியும் மாறிமாறிக் காதில் விழும். எங்கள் வகுப்பறையும் அப்படித்தான் இருந்தது. ஆகவே இன்று நாங்கள் கிறிஸ்தவ விசுவாசத்தில் நின்று பேசினாலும், எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த எல்லோரையும் மனதில் வைத்தே பேசுகிறோம்.

‘தினந்தோறும் நன்றி’ என்ற தலைப்பைத் தந்தார்கள். கேட்டவுடனே எங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது விடுதிச் சாப்பாட்டு அறைதான். நீளமான இரண்டு மேசை, அலுமினியக் கோப்பை, பருப்பும் சோறும். அதிர்ஷ்டம் இருந்தால் சூடை மீன் குழம்பு. ஜெபம் முடிந்தவுடன் சாப்பிட முடியாது. எங்கள் மேற்றன் அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் அன்றைய நாளில் நன்றி சொல்லத்தக்க ஒரு காரியத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதற்கு இரண்டு சட்டம் இருந்தன. ‘எல்லாத்துக்கும் நன்றி’ என்று சொல்லக்கூடாது. நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக்கூடாது.

“எல்லாத்துக்கும் என்டு சொல்லுற புள்ள ஒண்டையும் பார்க்கல்ல” என்பார் அவர்.

பசியோடு இருக்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய தண்டனை. முதல் வாரத்தில் அம்மா, அப்பா, சுகம், சாப்பாடு என்று சொல்லித் தீர்த்துவிடுவோம். இரண்டாவது வாரத்தில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அப்போதுதான் பகலில் கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினோம். கணிதப் பாட நேரத்தில் யன்னலால் வந்த காற்று, கடன் கொடுத்த அழிறப்பர், தலை வாரிவிட்ட அக்கா, மருதமுனையிலிருந்து வரும் தோழி பகிர்ந்த ரொட்டி, எல்லாம் இரவு மேசைக்கு வரத் தொடங்கின. எங்களோடு இருந்த இந்துப் பிள்ளைகளும் இதில் சேர்ந்துகொண்டார்கள். யாருக்குச் சொல்கிறோம் என்பதில் அவரவர்க்கு அவரவர் தெய்வம் இருந்தது. எதைச் சொல்கிறோம் என்பதில் வித்தியாசம் இருக்கவில்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்ததை எங்கள் வயதுக்காரர் மறக்கமாட்டோம். மட்டக்களப்பிலிருந்து இந்தக் கரை முழுவதும் தென்னை மரங்கள் முறிந்து விழுந்தன. விடுதியின் ஓடுகள் பறந்துபோயின. மேசைகளுக்குக் கீழே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தோம். அடுத்த நாள் இரவு, கூரை இல்லாத அதே அறையில், ஒரு லாம்பு வெளிச்சத்தில், வெறும் கஞ்சியோடு உட்கார்ந்தோம். இன்றைக்கு மேற்றன் அம்மா கேட்கமாட்டார் என்று நினைத்தோம். அவர் கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் எங்களில் சின்னவள் ஒருத்தி, “கிணறு இருக்கு மிஸ்” என்றாள். அவ்வளவுதான். அன்றைய கஞ்சி அந்தக் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சியது. வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேற்றன் அம்மா, “ஆமென், சாப்பிடுங்க” என்றார்.

நன்றியைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டோம். அந்த ஒரு சொல்லை மிஞ்சியது குறைவு.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பதினேழாம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகளைப் பற்றிய சம்பவம் இருக்கிறது. பத்துப் பேரும் இயேசுவைக் கூப்பிட்டார்கள். பத்துப் பேரும் சுகமானார்கள். ஒருவன் மாத்திரம் திரும்பி வந்தான். அந்த ஒருவன் சமாரியன், அதாவது யூதர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையில் ஏற்றாத அயலூரான். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. அவர்கள் சொன்னபடியே ஆசாரியரிடம் போனார்கள். வீட்டுக்குப் போகிற அவசரம், பெண்சாதி பிள்ளைகளைப் பார்க்கிற ஆசை இருந்திருக்கும். எங்களுக்கும் அப்படித்தான். கிடைத்தவுடன் நடையைக் கட்டிவிடுகிறோம். நன்றி என்பது நடந்துகொண்டிருக்கிற காலை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பது. அதற்கு நேரம் வேண்டும். அதனால்தான் அது பழக்கமாக வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும்? காலையில் தட்டில் இருக்கிற இடியப்பத்தையும் மீன் சொதியையும் பாருங்கள். நெல் எங்கள் கரைவாகு வயலிலோ சம்மாந்துறை வயலிலோ விளைந்திருக்கும். மீன், விடியமுன் கரைவலை இழுத்த கைகளால் வந்தது. தேங்காய்க்கு ஒருவர் மரம் ஏறினார். உடுத்தியிருக்கும் துணி மருதமுனைத் தறியில் நெய்ததாக இருக்கலாம். அந்தக் கைகளில் தமிழருடையது எது, முஸ்லிமுடையது எது, சிங்களவருடையது எது என்று பிரிக்கப்போனால் சோறு ஆறிவிடும். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு உண்மையாக நன்றி சொல்கிறவருக்கு அயலாரை வெறுப்பது கொஞ்சம் கஷ்டமாகும்.

நாம் படித்த படிப்புக்கும் இப்படி ஒரு பின்பக்கம் உண்டு. 1814இல் இங்கிலாந்திலிருந்து மெதடிஸ்த மிஷனரிகள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவராய்ப் புறப்பட்ட தோமஸ் கோக் கடலிலேயே இறந்தார். வில்லியம் ஓல்ட் என்ற இளைஞர் தம் மனைவியையும் அதே பயணத்தில் பறிகொடுத்து, தனியாக மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். வந்தவுடன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். 1815 ஏப்ரல் மாதத்தில் அவரும் இறந்துபோனார். ஓராண்டு கூட இந்த மண்ணில் இருக்கவில்லை. தான் போட்ட விதை முளைத்ததை அவர் பார்க்கவில்லை. 1820 அளவிலேயே மட்டக்களப்பில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலை உருவாகிவிட்டது. கிழக்கில் பெண்கல்வி அந்த அடியிலிருந்து வளர்ந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்குப் போயின. ஆனாலும் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார், காது கழுத்தில் இருந்ததை அடகு வைத்துப் பணம் கட்டிய தகப்பன்மார், எல்லோரும் இந்த நூறு ஆண்டுக்குள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு நாம் ஒரு நாளும் நேரில் நன்றி சொல்லவில்லை.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. இனிச் சொல்வதைச் சொல்லலாமா விடலாமா என்று எங்களுக்குள் பல முறை பேசினோம். சொல்லாமல் விட்டால் இந்த உரை உண்மையாக இராது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மசுக்கு மறுநாள். போயா தினமும் கூட. காலை ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது. நாட்டில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டவர்கள். பாண்டிருப்பு, கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலோரத்தில் இழவு விழாத தெரு இல்லை. எங்களில் சிலர் அந்த நேரம் ஆராதனையில் இருந்தோம். தேவாலயம் கடலுக்கு எட்ட இருந்தது. தப்பினோம்.

ஓராண்டு கழித்து ஒரு நன்றிக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கேட்டார்கள். நாங்கள் எழுந்து, “ஆராதனையில் இருந்தபடியால் ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்” என்று கண்ணீரோடு சொன்னோம். சபை முழுவதும் ஆமென் என்றது. கடைசி வாங்கில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். அவளும் அன்று காலை ஆராதனையில் இருந்தவள்தான். இரண்டு பிள்ளைகளும் கடலோர வீட்டில் நித்திரையாய் இருந்தார்கள். வெளியே வந்தபோது அவள் எங்களைப் பார்த்துக் கேட்டாள்: “அப்ப என்ட புள்ளைகளை ஆண்டவர் ஏன் விட்டவர்?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. அதற்குப் பிறகு அவள் தேவாலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அந்த நாளில்தான் எங்கள் நன்றிக்குள் என்ன இருந்தது என்று விளங்கியது. நாங்கள் ஆண்டவருக்கு நன்றி சொன்னதாக நினைத்தோம். உண்மையில், மற்றவர்களை விட்டு எங்களைத் தெரிந்தெடுத்ததற்கு நன்றி சொல்லியிருந்தோம். பக்கத்தில் அழுகிறவளின் இழப்பை அளவுகோலாக வைத்து எங்கள் ஆசீர்வாதத்தை அளந்திருந்தோம். தேவாலயத்தில் ஜெபிக்கப்போன பரிசேயனும் அப்படித்தான் செய்தான். மற்றவர்களைப்போல் தான் இல்லை என்பதற்காக நன்றி சொன்னான். அவன் நீதிமானாய் வீடு திரும்பவில்லை என்று இயேசு சொன்னதை நாங்கள் ஞாயிறு பாடசாலையிலேயே படித்திருந்தோம். படித்தது வேறு, எங்களிலேயே அதைக் கண்டது வேறு.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதைத் திரும்ப வாசித்தோம். எல்லா நிலைமைக்குள்ளும் நின்று நன்றி செலுத்தும்படிதான் அவர் சொல்கிறார். நடந்த எல்லாவற்றுக்காகவும் நன்றி சொல்லும்படி அங்கே எழுதியிருக்கவில்லை. பிள்ளையைக் கடல் கொண்டுபோனதற்கு ஒரு தாய் நன்றி சொல்லவேண்டும் என்று எந்தச் சுவிசேஷமும் கேட்கவில்லை. இயேசுவும் லாசருவின் கல்லறையில் முதலில் அழுதார். தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். அந்த இரவுக்காக அவர் நன்றி சொல்லவில்லை. அந்த இரவுக்குள்ளே, கையில் இருந்த அப்பத்துக்காகச் சொன்னார். நற்கருணை என்று நாம் சொல்வதற்குக் கிரேக்கத்தில் இருக்கிற சொல்லின் பொருளே நன்றி செலுத்துதல்தான்.

ஜேர்மனியில் ஐலன்பேர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். முப்பதாண்டு யுத்த காலம். 1637இல் அகதிகளால் நிறைந்திருந்த அந்த ஊரில் கொள்ளைநோய் வந்தது. அவர் 4,000க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருத்தி. தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கென்று அவர் எழுதிய நன்றிப் பாட்டை இன்றும் உலகெங்கும் திருச்சபைகள் பாடுகின்றன. எங்கள் பாடசாலை மண்டபத்திலும் பாடியிருக்கிறோம். யார் எழுதியது என்று தெரியாமல் உற்சாகமாய்ப் பாடினோம். அது ஒரு யுத்தகால வீட்டின் மேசை ஜெபம் என்று தெரிந்த பிறகு, அதைப் பாடும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

எங்கள் தோழியிடம் விளக்கம் சொல்ல நாங்கள் போகவில்லை. சனிக்கிழமைகளில் இரண்டு பேராய்ப் போய் அவளோடு சமைத்தோம். மீன் வெட்டினோம், தேங்காய் துருவினோம். வேத வசனம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளின் பேரை அவள் எடுத்தால் நாங்களும் எடுத்தோம். இப்படி மூன்று வருடத்துக்கு மேல் போயிற்று. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, யாரும் கேட்காமலே, அவள் முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள்: “இண்டைக்கு முருங்கை காய்ச்சிருக்கு.”

விடுதியில் அவளும் எங்கள் மேசையில் இருந்தவள். அவள் எதைச் சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியும். அவள் பழையபடி தேவாலயத்துக்கு வரத் தொடங்கினது அதற்கும் பிறகுதான். இன்றும் கடைசி வாங்கில்தான் இருக்கிறாள். இதைச் சொல்லச் சம்மதம் தந்தாள். பேரைச் சொல்லவேண்டாம் என்றாள்.

இன்னுமொன்று சொல்லவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் இறந்தார்கள். ஐந்து நாளில் எங்கள் பக்கத்திலேயே, சாய்ந்தமருதில், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் தங்களையே வெடிக்கவைத்தார்கள். அங்கேயும் குழந்தைகள் இறந்தார்கள். பிறகு ஊரில் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வை மாறிப்போனது. 1990இல் இரண்டு பக்கமும் இரத்தம் சிந்திய ஊர் இது. பழைய பயம் எல்லாம் எழும்பியது.

மே மாதத்தில் நோன்பு தொடங்கியது. எங்களில் ஒருத்தியின் வீட்டுக்கு, கல்முனைக்குடியில் இருக்கிற வகுப்புத் தோழி ஒவ்வொரு நோன்பிலும் கஞ்சி அனுப்புவாள். முப்பது வருடத்துக்கு மேலான வழக்கம். அந்த வருடம் தொலைபேசியில் கேட்டாள்: “இந்த முறை கஞ்சி அனுப்பட்டா?” முன்பு ஒரு நாளும் கேட்டதில்லை. மகனிடம் கொடுத்துவிடுவாள், அவ்வளவுதான். கேட்கவேண்டிய நிலை வந்துவிட்டதே என்பது முதல் வேதனை. பதில் சொல்ல எங்களுக்கு இரண்டு மூன்று வினாடி பிடித்தது என்பது இரண்டாவது. அந்த மௌனத்தை அவளும் கேட்டிருப்பாள். “அனுப்பு புள்ள, கேட்கவும் வேணுமா” என்று சொன்னோம். கஞ்சி வந்தது. கழுவிய பாத்திரத்தை வெறுமையாய் அனுப்பாமல் மாம்பழம் வைத்து அனுப்பினோம். அன்று இரவு ஜெபத்தில் பேர் சொல்லி நன்றி சொன்னோம். கஞ்சிக்கு மட்டுமல்ல, அவள் தொலைபேசியை எடுத்த துணிவுக்கும். அந்த இரண்டு மூன்று வினாடிக்கு மன்னிப்பும் கேட்டோம். இன்று அவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள்.

நன்றியுள்ளவர்கள் எதையும் கேட்காமல் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று யாரும் நினைக்கக்கூடாது. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம், இருட்டில் சமைத்தோம். வரிசையில் தண்ணீர்ப் போத்தல் நீட்டியவருக்கு நன்றி சொன்னோம். வரிசை ஏன் வந்தது என்றும் கேட்டோம். இரண்டும் ஒரே வாயால்தான். சங்கீதக்காரனும் ஒரே சங்கீதத்தில் முறையிடுகிறான், துதிக்கிறான்.

லண்டன், டொரன்டோ, மெல்பர்ன், டோஹா என்று எங்கெங்கோ இருந்து இந்த மலரை வாசிக்கப்போகிற சகோதரிகளுக்கு, நாங்கள் கைக்கொண்டு பார்த்த சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, மேற்றன் அம்மாவின் இரண்டு சட்டம். இரவுச் சாப்பாட்டில், தனியாக இருந்தாலும், ஒரு காரியத்தைப் பேர் சொல்லுங்கள். பொதுவாய்ச் சொல்லாதீர்கள். நேற்றையதைத் திரும்பச் சொல்லாதீர்கள். வளர்ந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் அவர்களும் சொல்வார்கள். இது பழைய காலத்து மிஷன் வழக்கம் என்று நினைக்கவேண்டாம். 2003இல் அமெரிக்காவில் எமன்ஸ், மக்கல்லோ என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள் இதையே ஆராய்ந்து வெளியிட்டார்கள். வாரந்தோறும் நன்றிக்குரிய காரியங்களை எழுதிய மாணவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட மனநிறைவோடு இருந்தார்களாம். எங்கள் மேற்றன் அம்மா அறிந்திருந்தால், “இதுக்கு ஆராய்ச்சி வேணுமா” என்றிருப்பார்.

இரண்டாவது, உங்கள் நன்றியை இழந்த ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துச் சொல்லுங்கள். அவர் முன்னால் சொல்லமுடியாத நன்றியை ஆண்டவர் முன்னாலும் சொல்லவேண்டாம்.

மூன்றாவது, வருடத்துக்கு ஒருவரையாவது திரும்பிப் போய்ப் பாருங்கள். மெதடிஸ்த சபையில் வருடத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை நடக்கும். அந்த நாளுக்கு முன் நாங்கள் ஒருவருக்கு நேரிலோ கடிதத்திலோ நன்றி சொல்வதென்று வைத்திருக்கிறோம். போன வருடம், எங்களுக்குத் தையல் படிப்பித்த ஆசிரியையிடம் போனோம். கண் பார்வை குறைந்துவிட்டது. எங்கள் குரலை வைத்தே பேர் சொன்னார். மேற்றன் அம்மாவிடம் போக நாங்கள் பிந்திவிட்டோம். இருக்கிறவர்களிடம் நீங்கள் பிந்தவேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்னும் சிறிது நேரத்தில் பகல் சாப்பாடு. வயலும் கடலும் தந்தது, மூன்று சமயத்துக் கைகளும் சேர்ந்து சமைத்தது. கையை வைக்கமுன் பக்கத்தில் இருப்பவரிடம் இன்றைய நாளில் ஒன்றைச் சொல்லுங்கள். நாங்கள் எங்களுடையதை இப்போதே சொல்லிவிடுகிறோம். காலையில் வாசலால் உள்ளே வந்தபோது, விடுதிக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். கட்டடம் புதியது. கிணறு இருக்கிறது.

கர்த்தர் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.